ரூட் கெனால் திரும்பச் செய்த பல் ஆறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல்லைத் திறந்து மறுபடி சிகிச்சை செய்வதுதான் என் அன்றாட வேலையில் பெரும்பகுதி. நாற்காலியில் சாய்ந்ததும் கேட்பது, வீட்டுக்குப் போன பிறகு போன் செய்து கேட்பது என்று ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை. அதனால் முதல் தடவை வரிசையாகப் படியுங்கள்.

1. ரீ-ஆர்சிடின்னா முதல்ல செஞ்சதையே இன்னொரு தடவை செய்யறதா?

ஆமாம், ரூட் கெனால் சிகிச்சையை (ஆர்சிடி) மறுபடி செய்வதைத்தான் ரீ-ஆர்சிடி என்கிறோம். ஆனால் இதில் வேலை அதிகம். பல்லின் மேல் உறை போல மாட்டும் கேப் இருந்தால் அதைக் கழற்ற வேண்டும், அல்லது அதிலேயே துளை போட்டு உள்ளே போக வேண்டும். வேருக்குள் கம்பி மாதிரி போஸ்ட் வைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். அப்புறம் வேர்க் குழாய்களில் அடைத்திருக்கும் கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் போன்ற பொருளை இளக்கி, ஃபைல் என்கிற மெல்லிய கம்பி போன்ற கருவிகளால் சுரண்டி எடுப்போம். வெளியே வரும்போது பலருக்கு அது பழுப்பேறி, கெட்ட வாடையோடு இருக்கும். உள்ளே எச்சில் இறங்கிக் கிருமி குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு முதல் தடவை விடுபட்ட குழாய் இருக்கிறதா என்று தேடி, எல்லாவற்றையும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் நன்றாகக் கழுவி, புதிதாக அடைத்து மூட வேண்டும்.

2. நரம்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எப்படி வலிக்குது?

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. வேரைச் சுற்றி எலும்போடு பிடித்து வைத்திருக்கும் தசைநாருக்கு உணர்வு அப்படியேதான் இருக்கிறது. வேருக்குள் இருக்கும் கிருமிகளின் நச்சு நுனி வழியாக வெளியே கசிந்தால், அந்த இடத்தில் வீக்கமும் சீழும் உண்டாகும். வலிப்பது அங்கேதான். அதனால்தான் இந்தப் பற்களில் ஐஸ் தண்ணீர் குடித்தால் கூசாது, கடித்தால் வலிக்கும்.

3. முதல்ல செஞ்சது ஏன் தோத்துப்போச்சு? டாக்டர் சரியா செய்யலையா?

சில சமயம் அப்படியும் இருக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் யாரையும் குறை சொல்லிவிட முடியாது. மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்க வேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு குழாய்கள் உண்டு. இரண்டாவது குழாயின் வாய் ஊசி முனை அளவுதான், அதன் மேலே பல் திசு கூரை போல மூடியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே அந்தக் கூரையை மெல்லச் சுரண்டினால், மஞ்சள் தரையில் ஒரு சின்ன கரும்புள்ளியாகத் தெரியும். வெறும் கண்ணால் வேலை பார்க்கும்போது அது தவறிப்போவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

இன்னொரு பெரிய காரணம், சிகிச்சை நன்றாக நடந்தும் மேலே கேப் போடாமல் விடுவது. தற்காலிக அடைப்பு தேய்ந்து எச்சில் உள்ளே இறங்கிவிடும். இவை தவிர வேர் நுனிவரை அடைப்பு போகாதது, வேரின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது, வேரில் விரிசல் என்று காரணங்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கிருமி. 1965-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் பல்லில் ஓட்டை போட்டு, உள்ளே உணவு போகும்படி விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பல் அழுகியது. கிருமியில்லா எலிகளின் பல் தன்னைத்தானே மூடிக்கொண்டு ஆறியது. கிருமியைக் குறைத்துவிட்டால் மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் பல்லைத் திரும்பத் திறக்கிறோம்.

4. எனக்கு வலியே இல்ல. எக்ஸ்ரேல கறுப்பா நிழல் இருக்குன்னு திரும்ப செய்யச் சொல்றாங்க. செஞ்சே ஆகணுமா?

வேர் நுனியில் தெரியும் அந்த நிழல், எலும்பு கரைந்த இடம். நாள்பட்ட தொற்று பெரும்பாலும் வலிக்காது. உடம்பு அதைச் சுற்றி வேலி போட்டு அடக்கி வைத்திருக்கும். உடல் சோர்ந்த ஒரு சமயம் அது முகம் வீங்கும் அளவுக்குக் கிளம்பலாம்.

ஆனாலும் நிழலைப் பார்த்ததும் பல்லைத் திறந்துவிடக் கூடாது. ரூட் கெனால் எப்போது செய்தது என்று முதலில் கேட்க வேண்டும். செய்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றால் அது ஆறிக்கொண்டிருக்கும் நிழலாக இருக்கலாம். பழைய எக்ஸ்ரேவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். பல வருடம் ஆகியும் நிழல் இருக்கிறது அல்லது வளர்கிறது என்றால் வலி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். புதிய கேப் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

5. திரும்ப செஞ்சா சரியாகும்னு எத்தனை சதவீதம் சொல்லலாம்?

மொத்தத்தில் பத்துக்கு எட்டு. லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவமனை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியான ஆய்வில், முதல் தடவை செய்த வேர்களில் 83 சதவீதமும் இரண்டாம் தடவை செய்தவற்றில் 80 சதவீதமும் எக்ஸ்ரேயில் ஆறியிருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்தும் பல் வாயில் இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டு தரப்பிலும் சுமார் 95 சதவீதம் இருந்தன.

ஆறுவதும் பல் நிலைப்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். நிழல் முழுக்கப் போகாத பல்லும் வலியில்லாமல் பல வருடம் மென்று சாப்பிட உதவும். டாக்டர் ஒரு சதவீதம் சொன்னால் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

6. சரி, என் பல் அந்த எட்டுல வருமா, ரெண்டுல வருமா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்ப்பது, தொடங்கும்போது நிழல் இருக்கிறதா என்பது. நிழல் இல்லாமல், அடைப்பு மட்டும் மோசமாக இருந்து திரும்பச் செய்யும் பற்கள் மிக நன்றாக இருக்கும். நிழல் இருந்தால் வாய்ப்பு குறையும், நிழல் பெரிதாக இருந்தால் இன்னும் குறையும். ஸ்வீடனில் 1990-ல் வெளியான ஆய்வில், நிழலோடு முதல் தடவை சிகிச்சை பெற்ற வேர்கள் 86 சதவீதம் ஆறின. நிழலோடு மறுசிகிச்சை பெற்றவை 62 சதவீதம்தான் ஆறின. அது மைக்ரோஸ்கோப் பரவலாக வருவதற்கு முந்தைய காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, முதல் சிகிச்சையில் குழாயின் இயல்பான வடிவம் கெட்டிருக்கிறதா என்று பார்ப்போம். 2004-ல் இத்தாலிய மருத்துவர்கள் இதை மட்டும் வைத்துப் பற்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வருடம் கவனித்தார்கள். வடிவம் கெடாதவற்றில் 86.8 சதவீதம் வெற்றி, கெட்டவற்றில் 47 சதவீதம். அதனால் தோல்விக்குக் காரணம் விடுபட்ட குழாய் என்று தெரிந்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. செய்ய வேண்டிய வேலை அங்கே மிச்சமிருக்கிறது. படத்தில் எல்லாம் கச்சிதமாக அடைத்திருந்தும் நிழல் இருக்கும் பல்தான் கவலை தருவது.

7. எத்தனை தடவை வரணும்? ஒரே நாள்ல முடியாதா?

பெரும்பாலும் இரண்டு தடவை. முதல் தடவை சுத்தம் செய்து, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து ஒன்றிரண்டு வாரம் மூடி வைப்போம். சீழ் வடிந்துகொண்டே இருந்தால் இன்னொரு தடவை சேரும். எத்தனை சிட்டிங் என்பதைவிட, வேலை நடக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் ஷீட் மாட்டுகிறார்களா என்பதைப் பாருங்கள். எச்சில் படாமல் செய்ய அதுதான் வழி.

8. செஞ்ச மறுநாள் முன்னைவிட அதிகமா வலிக்குது. இதுவும் தோத்துடுச்சா?

இல்லை. வேர் நுனி வரை சுத்தம் செய்யும்போது அங்கிருக்கும் திசு கொஞ்சம் சீண்டப்படும். மறுசிகிச்சையில் பழைய பொருளின் துகள்களும் நுனிக்கு வெளியே போவதுண்டு. முதல் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், பிறகு நாளுக்கு நாள் குறையும். இந்த வலிக்கும் கடைசியில் பல் ஆறுவதற்கும் சம்பந்தமில்லை.

பாராசிட்டமாலோ ஐப்யூபுரூஃபெனோ பெரும்பாலும் போதும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஐப்யூபுரூஃபென் எடுக்கக் கூடாது. கன்னமோ கழுத்தோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால் அன்றே போய்க் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

9. ஆன்டிபயாட்டிக் எழுதித் தரவே இல்ல. மறந்துட்டாங்களா?

மறக்கவில்லை. கிருமி இருப்பது ரத்த ஓட்டமே இல்லாத வேர்க் குழாய்க்குள். மாத்திரை ரத்தத்தின் வழியாக அங்கே போய்ச் சேராது. மேலே சொன்ன வீக்கம், காய்ச்சல் இருந்தால்தான் தேவைப்படும். தயவுசெய்து மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வலி தானாகக் குறைவதை மாத்திரையின் பலன் என்று நம்பிப் பல மாதம் தள்ளிப்போட்டு வருபவர்கள் அதிகம்.

10. ஈறுல ஒரு கொப்புளம் வந்து வந்து போகுது. அது எப்ப மறையும்?

அது சீழ் வடியும் வாய்க்கால். எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று பார்க்க, அந்தத் துளைக்குள் மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுப்போம். கொப்புளம் ஒரு பல்லுக்கு மேலே இருக்கும், குச்சியின் நுனியோ பக்கத்துப் பல்லின் வேரில் போய் நிற்கும். இப்படி நடப்பது அபூர்வமில்லை.

குழாயைச் சுத்தம் செய்து மருந்து வைத்தால் ஓரிரு வாரத்தில் துளை மூடிக்கொள்ள வேண்டும். மூடியது நல்ல அறிகுறி. மூடாமல் இருந்தாலும், மூடி மறுபடி வந்தாலும் அடைத்து முடிப்பதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்.

11. வலி போயிடுச்சு, கொப்புளமும் போயிடுச்சு. ஆறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

இங்கேதான் நிறைய பேர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வலி சில நாளில் போகும், எலும்பு வளர மாதக் கணக்கில் ஆகும். 4-வது பதிலில் சொன்ன வலியில்லாத தொற்றை நினைத்துப் பாருங்கள். வலி இல்லை என்பதை மட்டும் வைத்து ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கும் வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை.

ஆறும் பற்களில் பெரும்பாலானவை முதல் ஒரு வருடத்துக்குள் அதற்கான அடையாளம் காட்டிவிடும். நிழலின் விளிம்பு மங்கும், உள்ளே எலும்பின் மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கும், பிறகு வேரைச் சுற்றிய கறுப்புக் கோடு இயல்பான அகலத்துக்கு வரும். ஐரோப்பிய எண்டோடான்டிக்ஸ் (ரூட் கெனால் சிகிச்சைத் துறை) சங்கத்தின் வழிகாட்டுதல்படி ஒரு வருடம் கழித்து ஒரு எக்ஸ்ரே கட்டாயம். அப்போதும் நிழல் மிச்சமிருந்தால் நான்கு வருடம் வரை கவனிக்கலாம். எக்ஸ்ரே எடுப்பது நிமிட நேர வேலை. வலி இல்லாத நாளில் அதற்காக ஒரு நடை வாருங்கள்.

12. ஆறு மாச எக்ஸ்ரேல நிழல் அப்படியே இருக்கே?

ஆறு மாதம் குறைவு. அளவு கூடாமல், ஈறு நன்றாக, கடித்தால் வலியில்லாமல் இருந்தால் காத்திருப்போம். எலும்பு கணிசமாக மாறினால்தான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். படம் எடுக்கும் கோணம் மாறினாலும் நிழல் பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றும். முடிந்தவரை அதே கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

13. ஆறினதுக்கு அப்புறம் கேப் போட்டுக்கலாம்னு இருக்கேன். காத்திருக்கறது நல்லதுதானே?

இல்லை, இதில் காத்திருக்காதீர்கள். கேப் போடாமல் விட்டால் ஆறுவதே நின்றுபோகலாம். 3-வது பதிலில் சொன்ன எச்சில் கசிவு இங்கேயும் நடக்கும். அதோடு, இரண்டு தடவை குடைந்த கடைவாய்ப் பல்லில் சுவர் மெலிந்திருக்கும். ஒரு முறுக்கைக் கடித்தாலே பிளந்துவிடலாம். வலி அடங்கியதும் சில வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். நிழல் பெரிதாக இருப்பதால் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டரே சொன்னால், அதுவரை பல் முழுவதையும் மூடிய உறுதியான அடைப்பாவது இருக்க வேண்டும்.

கேப் நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ரூட் கெனாலை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பல் நிலைக்காது. மறுசிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

14. எனக்கு சர்க்கரை இருக்கு. ஆறுமா?

ஆறும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால், நிழலோடு தொடங்கும் பல் ஆறும் வாய்ப்பு குறைகிறது, நாளும் அதிகமாகிறது. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். சிகிச்சை நாளில் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மருந்தும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சாப்பிடாமல் வந்து சர்க்கரை இறங்கி மயங்குவதுதான் நாற்காலியில் நடக்கும் பெரிய சிக்கல். புகைபிடிப்பவர்கள் இந்தச் சில மாதமாவது நிறுத்துங்கள்.

15. உள்ள ஒரு ஃபைல் உடைஞ்சு கெடக்குதாம். அது இருக்கற வரைக்கும் ஆறாதா?

உடைந்த துண்டால் மட்டும் பெரிய கெடுதல் இல்லை. அது எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதுதான் முக்கியம். குழாயைச் சுத்தம் செய்த பிறகு உடைந்து நுனியில் தங்கியிருந்தால் பல் பிரச்சினையில்லாமல் இருக்கலாம். சுத்தம் செய்யும் முன்பே உடைந்து, அதற்குக் கீழே கிருமி மாட்டிக்கொண்டால்தான் தொல்லை. வேரின் மேல் பாதியில் இருந்தால் அல்ட்ராசோனிக் முனையால் அதிர வைத்து எடுக்கலாம். வளைவுக்கு அப்பால் இருந்தால், எடுக்கிறேன் என்று வேரைக் குடைந்து மெலிய வைப்பதைவிடப் பக்கத்தில் வழி கண்டு போவதோ விட்டுவிட்டுக் கவனிப்பதோ மேல்.

16. சிபிசிடி ஸ்கேன் கண்டிப்பா எடுக்கணுமா?

எல்லோருக்கும் வேண்டாம். சிபிசிடி என்பது பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் மூன்று பரிமாணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும். விடுபட்ட குழாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கும் சைனஸுக்கும் உள்ள உறவு, வேரின் ஓட்டை இவற்றைத் தேட ஸ்கேன் மிகவும் உதவும். மறுசிகிச்சைக்கு முன் நான் பல சமயம் கேட்பேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் எடுப்பது தேவையில்லாத கதிர்வீச்சு. அந்தப் பல் இருக்கும் சின்ன பகுதியை மட்டும் எடுத்தாலே போதும்.

17. சிலர் வேர் நுனியை ஆபரேஷன் பண்ணி வெட்டலாம்னு சொல்றாங்க. எது நல்லது?

ஈறைத் திறந்து, வேரின் கடைசி மூன்று மில்லிமீட்டரை வெட்டி, பின்பக்கமாக எம்டிஏ போன்ற சிமெண்டால் அடைக்கும் சிகிச்சை அது. 2009-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 2 முதல் 4 வருடத்தில் ஆபரேஷன் செய்தவை முன்னால் இருந்தன, வெற்றி ஆபரேஷனில் 78 சதவீதம், மறுசிகிச்சையில் 71. 4 முதல் 6 வருடத்தில் நிலைமை தலைகீழ், ஆபரேஷன் 72, மறுசிகிச்சை 83. ஆபரேஷன் சீக்கிரம் ஆறும். ஆனால் குழாய்க்குள் இருக்கும் கிருமி அப்படியே இருந்தால் பின்னால் கசியும். அந்தத் தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் பழைய முறை ஆபரேஷன்கள். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் இன்றைய முறையில் பலன் கூடியிருக்கிறது.

உள்ளே போக வழியிருந்தால் முதலில் மறுசிகிச்சை என்பதுதான் என் கருத்து. பெரிய போஸ்டும் நல்ல பிரிட்ஜும் இருந்து அவற்றை உடைக்க வேண்டியிருந்தால், அல்லது மறுசிகிச்சை நன்றாக நடந்தும் நிழல் போகாவிட்டால் ஆபரேஷன்.

18. இவ்வளவு பாடுபடறதுக்கு எடுத்துட்டு இம்பிளாண்ட் வெச்சா முடிஞ்சுதே?

பல் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் அதுதான் சரி. வேர் பிளந்திருந்தால், 13-வது பதிலில் சொன்ன அளவு பல் இல்லையென்றால், ஆட்டம் அதிகமென்றால் நானே எடுக்கச் சொல்வேன். மற்றபடி இம்பிளாண்டும் பராமரிப்பு கேட்கும், அதைச் சுற்றியும் எலும்பு கரையும். எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஆஸ்டியோபோரோசிஸ், புற்றுநோய் போன்றவற்றுக்கு எலும்பை உறுதியாக்கும் பிஸ்ஃபாஸ்போனேட் மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அவர்களுக்குப் பல்லைக் காப்பாற்றுவது இன்னும் முக்கியம்.

19. ரூட் கெனால் பல்லை வாயில வெச்சிருந்தா கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வருதே?

வராது. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் கிளப்பிய கருத்தின் மிச்சம் இது. அவருடைய சோதனைகளைப் பின்னால் வந்தவர்கள் முறையாகச் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இதை நம்பி ஏராளமான நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

20. ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சு. இப்ப ஒரே ஒரு இடத்துல கடிச்சா மட்டும் சுருக்குனு வலிக்குது.

வேர் நெடுக்கு வாக்கில் பிளந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஆழத்தைச் சுற்றிலும் அளவுகோலால் அளந்தால் எல்லா இடத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், ஒரு புள்ளியில் மட்டும் சட்டென்று எட்டு பத்து இறங்கும். அது பிளவைச் சந்தேகிக்க வைக்கும் வலுவான அடையாளம். பிளந்த வேரை ஒட்டவைக்க முடியாது. பல வேர் உள்ள பல்லில் அந்த வேரை மட்டும் எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். பிளவு இல்லையென்றால் கேப் உயரமாக இருப்பதுபோன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம். பயந்து தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

21. நாலு வருஷம் ஆச்சு. நிழல் சின்னதாயிடுச்சு, ஆனா முழுசா போகல. மூணாவது தடவை செய்யணுமா?

பெரும்பாலும் வேண்டாம். சில இடங்களில், குறிப்பாக ஆபரேஷன் செய்த இடங்களில், எலும்புக்குப் பதில் தழும்புத் திசு நிரம்பும். அது எக்ஸ்ரேயில் நிழலாகவே தெரியும். அடைப்புப் பொருள் வேர் நுனிக்கு வெளியே தள்ளியிருந்தால் ஆறவும் அதிக காலம் பிடிக்கும். நார்வேயில் மறுசிகிச்சை செய்த பற்களை 20 முதல் 27 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். 10, 15 வருடத்தில் நிழலோடு இருந்த சில வேர்கள் அதற்குப் பிறகு ஆறியிருந்தன. சுருங்கிய நிழல், வலியில்லை, கொப்புளமில்லை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

நிழல் திரும்ப வளர்ந்தால் கதை வேறு. அப்போதும் மூன்றாவது தடவை திறப்பதற்கு, இரண்டாவது தடவை எதைச் செய்ய முடியாமல் போனது என்று டாக்டர் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விடுபட்ட குழாய் ஸ்கேனில் தெரிகிறது, கேப் கசிகிறது என்பதுபோல் ஒரு காரணம் இருந்தால் திறக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் 17-வது பதிலில் சொன்ன ஆபரேஷனைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் எண்டோடான்டிக்ஸில் எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ மேல்படிப்பு படித்த இன்னொருவரிடமும் எல்லா எக்ஸ்ரேக்களையும் தேதி வாரியாக அடுக்கிக் காட்டிவிடுங்கள்.